காத்திருப்பு என்று நீ பெயரிட்ட காரணி

அலமாரியைத் துடைக்கும்போது பழைய ஆய்வு வினாத்தாள் கட்டு ஒன்று கையில் அகப்பட்டது. மேலே இருந்த தாளின் ஓரத்தில் ஒரு மீன் செதிள் காய்ந்து ஒட்டியிருந்தது. சந்தையில் மீன் விற்றுக்கொண்டே பதில் சொன்ன யாரோ ஒருத்தியின் தாள். பக்கத்தில் உன் சாய்ந்த கையெழுத்து. காய்ச்சல் என்று படுத்த நீ எழும்பாமலே போய் இரண்டு வருடம் ஆகிறது. துடைப்பதை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாகர்கோவிலில் நாம் இருவரும் சமூகவியல் ஆய்வு மாணவிகள். நீ கடற்கரைக்காரி, நான் கொட்டாரத்து வயல்காரி. இரண்டு பேருக்கும் கணக்கென்றால் பயம். ஆனால் பெண்களின் மன உளைச்சலை இருபது கேள்விகளால் அளக்கப் புறப்பட்டவர்கள் காரணிப் பகுப்பாய்வைப் படிக்காமல் தப்ப முடியுமா? துறையில் இருந்த ஒரே கணினி முன் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அட்டவணையைப் பார்த்து நான் அழாத குறை. நீதான் சிரித்தாய்.

"ஏட்டி, கேள்வி ஒவ்வொண்ணும் தனி ஆளுன்னு நெனச்சாத்தான் பயம். எது எதுக்குக் கூட்டுக்காரின்னு பாரு. ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்குறது ஒரு கூட்டம், அதுக்குப் பேருதான் காரணி. அவ்வளவுதான்."

அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது.

உன் ஆய்வேடு முதலில் முடிந்தது. கடற்கரைப் பெண்களில் பலருக்கு மன உளைச்சல் அதிகம் என்பது உன் முடிவு. பைண்டிங்கும் ஆகிவிட்டது, ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது. அப்போதுதான் என் ஆய்வுக்காக வாங்கியிருந்த எங்கள் வயல் பக்கத்துப் பெண்களின் பதில்களை உன்னுடையவற்றோடு ஒப்பிட்டேன். தூக்கம் கெடுவது, போன் அடித்தால் நெஞ்சு பதறுவது, காற்று கூடினால் விழித்துக்கொள்வது: என் அட்டவணையில் இந்த மூன்றும் மற்ற கேள்விகளோடு சேர்ந்து நின்றன. உன்னுடையதில் தனியாக ஒதுங்கி நின்றன. நீயோ இருபதையும் ஒன்றாகக் கூட்டியிருந்தாய்.

உன்னிடம் காட்டினேன். காட்டிய கையோடு, "விடு மக்கா, யாரு பாக்கப் போறா?" என்றும் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு உன் ஊருக்குப் போனாய். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் தூக்கத்தைப் பற்றிய கேள்வியை வாசித்தாய். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்பிள கடல்ல கெடக்கும்போ ஒறங்காம இருக்கது தீனமா, நோயா? ஒறங்குனாத்தான் மக்கா எனக்குத் தீனம்."

திரும்பிவரப் பஸ் ஏறும்போது சொன்னாய்: "எங்க அம்மையும் இப்படித்தான் இருந்தா ஏட்டி. அவளுக்கும் சேத்துல்லா தீனம்னு எழுதி வச்சிருக்கேன்."

ஆய்வேட்டை நீ ஒப்படைக்கவில்லை. நெறியாளர் கோபப்பட்டார். கிடைக்கவிருந்த விரிவுரையாளர் வேலையும் கைவிட்டுப் போனது. நீ அசையவில்லை. அந்த மூன்று கேள்விகளையும் தனிக் காரணியாகப் பிரித்து, 'காத்திருப்பு' என்று பெயர் வைத்தாய். பிரித்ததும், முன்பு நோயாளிகளாகத் தெரிந்த பலர் பட்டியலிலிருந்து விலகினார்கள். அந்த மூன்றில் மதிப்பெண் குறைந்ததால் அதுவரை கண்ணில் படாத சிலர் தெரிந்தார்கள். கணவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட வீடுகளில், நன்றாகத் தூங்கி எழுந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்த பெண்கள் அவர்கள். ஊர் நர்சம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்கு நீயே போனாய்.

வாய்மொழித் தேர்வில், ஏன் ஒரு வருடம் தாமதம் என்று தேர்வாளர் கேட்டார்.

"தீனம் இல்லாதவங்களுக்குத் தீனம்னு எழுதியிருந்தேன் சார். அத அழிக்க அவ்வளவு நாளாச்சு."

பின் வரிசையில் இருந்த எனக்கு அன்று வந்த பெருமை, என் சொந்தப் பட்டத்தை வாங்கியபோதுகூட வரவில்லை.

போன மாதம் ஆரல்வாய்மொழியில் புதிய ஆய்வொன்று தொடங்கினேன். காற்றாலை வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள். தாள்களை அச்சுக்குக் கொடுக்கும் முன், ஒரு வீட்டில் உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ஒன்பதாவது கேள்விக்கு அந்தப் பெண் சிரித்துவிட்டார். "இத இப்படிக் கேட்டா நாங்க என்னத்தச் சொல்ல?" எப்படிக் கேட்க வேண்டும் என்று அவரே சொல்லித் தந்தார். எழுதிக்கொண்டேன்.

திரும்பும்போது அட்டவணையில் போட என்னிடம் ஓர் எண்கூட இல்லை. ஒரு கேள்வி மட்டும் சரியாகியிருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.