சுத்தம் பண்ணப் போறது நீதானே

2025 ஜனவரி 21, செவ்வாய்

விருதுநகரில் பார்த்து வைத்திருந்த வீடு வேண்டாம் என்று சொல்லியாச்சு. ஜெரினே வீட்டு ஓனருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னார். "அப்பா இந்த வீட்டையே எடுத்துக் கட்டலாம்ங்காக வினோ. மாடியில நமக்குத் தனி ரூம். உனக்காகத்தான்."

எனக்காக. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாத்தூர் வீட்டுக்கும் விருதுநகர் ஆஸ்பத்திரி டியூட்டிக்கும் பஸ்ஸில் அல்லாடுகிறேன். ஒரு தடவைகூட மாடி ரூம் கேட்டதில்லை. கேட்டது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு. ரெண்டும் ஒண்ணுன்னு எப்படி நினைக்க முடியுது இந்த மனுஷனால?

மகள் ஜெனிட்டாவுக்கு ஒரே குதிப்பு. ஒன்பது வயசுக்கு ஒரு புது ரூம் போதும். ரோஸ் கலர் சுவர் வேணுமாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல. சரி என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து அப்படியே டைல்ஸ் கடைக்கு, சிவகாசிக்கு. ஜெரின் காரை ஓட்ட, மாமா முன்சீட்டில். நானும் அத்தையும் பின்னால். மாமா கடைக்குள் நுழைந்ததுமே கடைக்காரர் எழுந்து நின்றார். ஏழாயிரம்பண்ணையில் ஹெட்மாஸ்டராக இருந்தவர், யோபு சார் என்றால் இன்னும் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். நிற்காத இடத்தில் இவர் நிற்கமாட்டார்.

பாத்ரூம் தரைக்கு நான் சொரசொரப்பான டைல்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினேன். ஈரத்தில் வழுக்காது. அத்தைக்கு ரெண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது. மாமா அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "சொரசொரன்னா அழுக்குப் புடிக்கும்." அவர் எடுத்தது கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் வெள்ளை. ஹாலுக்கும் அதுதான், பாத்ரூமுக்கும் அதுதான்.

"மாமா, அத்தை விழுந்துருவாங்க."

"பாத்து நடந்தா எதுக்கு விழுறா?"

அத்தை கடைக்காரர் தந்த டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

வாசல்படிக்கு மார்பிள், சமையல் மேடைக்குக் கிரானைட், குழாய், கதவு — எல்லாவற்றுக்கும் "வினோலியா, நீயும் பாரு" என்றார். பார்க்கத்தான். கடைசியில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி நிறைய கிளீனர் கேன்கள். அதைக் காட்டி, "அதுல எது வேணுமோ நீயே பாத்து எடுத்துக்க. சுத்தம் பண்ணப் போறது நீதானே" என்றார். கடைக்காரர் சிரித்தார். ஜெரினும் சிரித்தார்.

எடுத்தேன். ஒவ்வொரு கேனையும் திருப்பித் திருப்பி வாசித்தேன். மார்பிளுக்கு ஆசிட் கலக்காதது, டைல்ஸில் சிமெண்ட் கறை போக ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. எல்லோரும் காரில் காத்திருந்தார்கள். நான் அவசரப்படவில்லை. எனக்கென்று விட்ட இடம் அம்புட்டுத்தான். அதையாவது ஒழுங்காகத் தேர்ந்தெடுப்போமே.

பிப்ரவரி 12

இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சோற்றில் மண்.

மார்ச் 5, புதன்

ஐந்து பேரும் பின்பக்கத்து ஒரே ரூமில். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பாய் விரித்து நானும் ஜெனிட்டாவும். புரண்டு படுத்தால் பீரோ இடிக்கிறது. சேலை மாற்றக்கூட எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும்.

கீழ் பாத்ரூமின் ஜன்னலை அடைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் மாமாவுக்குக் கண்ணாடி வைத்த அலமாரி. செல்லச்சாமி கொத்தனாரிடம், "காத்து எப்படிண்ணே போகும்?" என்று கேட்டேன். "நான் சொல்லிப் பாத்தேம்மா. சார் கேக்க மாட்டேங்காக" என்றார். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனாவது வைக்கலாமே என்று மாமாவிடம் போனேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "குளிக்கிற இடத்துல எதுக்குக் காத்து?"

ஜெரினிடம் சொன்னால், "வீடு முடியட்டும் வினோ, பாத்துக்கலாம்." எதைச் சொன்னாலும் இதுதான் பதில். வீடு முடிந்தால் நானும் முடிந்துபோவேன் போலிருக்கிறது. இம்புட்டையும் கட்டி முடிச்சப்புறம் யாரு என்னை வெளிய விடுவா?

மார்ச் 20

தீக்காய வார்டில் இன்றைக்கு மூன்று பேர். ஒருத்திக்கு என் வயசுதான் இருக்கும். கட்டுப் பிரிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாக்கா, மெதுவாக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் ஹாலில் எல்லோரும் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகம் தெரியுதாம். ஜெனிட்டா படுத்துக்கொண்டு தரையில் தன் மூக்கைப் பார்க்கிறாள். மாமா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் குனிந்து பார்த்தேன். என் முகமும் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வாசல்படி மார்பிள் பாழ்.

நான் டியூட்டியில் இருந்தபோது மாமா ஆசிட் பாட்டில் வாங்கி வந்து, சிமெண்ட் தெறித்த இடமெல்லாம் ஊற்றித் தேய்த்திருக்கிறார். நுரை பொங்கியிருக்கிறது. அழுக்கு கிளம்புது என்று நினைத்து இன்னும் ஊற்றியிருக்கிறார். கிளம்பினது அழுக்கில்லை, கல். படி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தேமல் மாதிரி.

நான் வந்ததும் எல்லோர் முன்னாலும், "நீ வாங்குன மருந்தைப் போட்டேன், இந்தா இப்படி ஆயிருச்சு" என்றார். நான் வாங்கின கேன் மூடிகூடத் திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வந்து ஜெரின் முன்னால் வைத்தேன். ஜெரின் மூடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

ஆசிட்டைத் தூக்கிப் போடுங்க மாமா, அது ஆளைக் கொன்னுரும் என்றேன். "நான் அம்புட்டுப் பிள்ளைகளுக்கு சயின்ஸ் சொல்லிக் கொடுத்தவன்" என்றார்.

ஏப்ரல் 27

வீட்டுப் பிரதிஷ்டைக்கு நாள் குறித்தாச்சு. மே 11, ஞாயிறு சாயங்காலம். மாடி ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். ரோஸ் சுவர். நல்லாத்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

மே 12, திங்கள்

சனிக்கிழமையை இப்போதுதான் எழுத முடிகிறது. இருப்பது என் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் யூனிஃபார்ம் இல்லாமல், கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில்.

மறுநாள் பிரதிஷ்டை. நான் சமையலறை அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜெரின் சிவகாசியில் அவர் வேலை பார்க்கும் காலண்டர் பிரஸ்ஸுக்குப் போயிருந்தார். ஜெனிட்டா பக்கத்து வீட்டில். சித்தாள் சண்முகத்தாய் மாடிப்படி கழுவிக்கொண்டிருந்தாள். மாமா கீழ் பாத்ரூம் தரையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி ஊற வைத்திருக்கிறார். அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றியிருக்கிறார். வாடை ஹாலுக்கு வரக் கூடாதென்று கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு.

இருமல் கேட்டது. நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. கதவுப் பக்கம் போனதுமே மூக்கில் ஏறியது. குளோரின்.

"மாமா, தாப்பாளைத் திறங்க! உடனே திறங்க!"

உள்ளே தொப்பென்று விழுந்த சத்தம். அப்புறம் இருமலும் இல்லை.

"சண்முகத்தாயி! கடப்பாரை!"

ஓடிவந்தாள். "தள்ளுங்கக்கா." முன்னால் பட்டாசு ஆலையில் மூட்டை தூக்கினவள். இரண்டு குத்தில் தாழ்ப்பாள் பிய்ந்தது. கண் எரிகிறது, ஒன்றும் தெரியவில்லை. ஈரத் துண்டை மூக்கில் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தால் அந்தப் பளபளத் தரையில் என் கால் நிற்கவே இல்லை. விழுந்தேன். சண்முகத்தாய் என் இடுப்பைப் பிடித்து இழுக்க, நான் அவரை இழுக்க, அப்படியே வாசலுக்கு வந்து சேர்ந்தோம். சட்டையைக் கிழித்துப் போட்டு முகத்திலும் கண்ணிலும் தண்ணீர் ஊற்றினேன். உதடு நீலம். அத்தை அழவில்லை, கத்தவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். அது தீர்ந்ததும் இன்னொரு செம்பு. 108 வரும்வரை அதுதான்.

நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. ஆக்சிஜன் போகிறது. பயப்படுகிறேன், உண்மையாகவே. இந்த மனுஷன் செத்துப்போகக் கூடாது கர்த்தாவே. வேற எதுவும் இப்ப எனக்குத் தோணல.

மே 16

பிழைத்துக்கொண்டார். இடுப்பில் அடி, எலும்பு முறியவில்லை. நுரையீரல் தேற மாசக்கணக்காகும்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தை. "வீட்டுலயே நர்ஸ் இருக்கும்போது என்ன கவலை?" ஜெரின் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும், "நீ லாங் லீவ் போட்ரு வினோ. அப்பாவை உன்னை மாதிரி யாரு பாப்பா?" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. அந்தக் கதவை உடைத்து அவரை வெளியே இழுத்தேன். நான் உள்ளே போய்விட்டேன்.

மே 24, சனி

வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. லீவும் போட்டாச்சு.

மே 28

ஆவி பிடிக்கும் மெஷின், மாத்திரை, கஞ்சி, துடைப்பது, சாய்த்து உட்கார வைப்பது. நிமிஷத்துக்கு ஒரு தரம் "வினோலியா!" நான் இல்லையென்றால் அத்தையை, "ஜெபா!" இன்றைக்கு முழுக்க வாசலைத் தாண்டவில்லை. நேற்றும் இல்லை.

வார்டிலிருந்து போன் வந்தது. எப்போ வர்றீக சிஸ்டர் என்று கேட்டார்கள். தெரியல என்றேன். போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

இதை இன்றைக்கே எழுத வேண்டும்.

ஆராதனை முடிந்து குருவானவர் ஜெபிக்க வந்தார். கூடச் சபையார் கொஞ்சம் பேர். மாமாவுக்கு இப்போது பேச்சு வருகிறது, நடுவில் நடுவில் இருமிக்கொண்டு. எப்படி ஆச்சு சார் என்று யாரோ கேட்டார்கள். "மருமக ஏதோ புதுசா கிளீனிங் மருந்து வாங்கி வச்சிருந்தா. அதுல என்னமோ கலந்திருக்கு" என்றார்.

நான் காபித் தட்டோடு நிற்கிறேன். ஜெரின் தரையைப் பார்க்கிறார். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"அவ வாங்குனது ஒண்ணும் செய்யல."

அத்தை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு.

"பிளீச்சிங் பவுடர் மேல ஆசிட்டை ஊத்துனது நீங்க. வேண்டாம்னு அவ சொன்னா. நானும்தான் கேட்டுட்டு இருந்தேன். கதவை ஒடச்சு உங்கள இழுத்துப் போட்டவ அவ. ஜெபிக்க வந்த எடத்துல பொய் சொல்லாதீக."

"ஜெபா, உள்ள போ."

"போகல. இங்கனதான் உக்காருவேன்."

குருவானவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தார்கள். ஆண்கள் இருக்கும் ஹாலில் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. குருவானவர் எழுந்து நின்று, "ஜெபிப்போம்" என்றார். மாமா கண்ணை மூடவில்லை.

எல்லோரும் போனபிறகு சமையலறையில் அத்தையைக் கட்டிக்கொண்டேன். "எப்படி அத்தை?" என்றேன். "எனக்கே தெரியல தாயி. வாய் வந்துருச்சு."

அப்புறம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்கள். "நீ டூட்டிக்குப் போ."

"மெஷின் யார் வைப்பா?"

"நீ வைக்கிறதை தினமும் பாத்துட்டுத்தான இருக்கேன். நான் வைக்கேன். போறப்போ அங்கன ஒரு வீடும் பாத்துரு."

ஜூன் 4

டியூட்டியில் சேர்ந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

விருதுநகரில் முன்னால் பார்த்து வைத்திருந்த வீட்டுக்கு வேறு ஆள் குடிவந்துவிட்டார்கள். இப்போது கிடைத்தது இன்னும் சின்னது, பழைய சிமெண்ட் தரை. போதும். நானே பேசி முடித்துவிட்டு வந்து ஜெரினிடம் சொன்னேன்.

"அப்பா என்ன நினைப்பாக வினோ?"

"நான் என்ன நினைக்கேன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீகளா?"

செருப்பைத் தேடினார். நானும் விடவில்லை, எதிரேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "கேட்டிருக்கணும்" என்றார். அம்புட்டுத்தான். மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் வரவில்லை. சாமான் ஏற்ற வண்டிக்குச் சொல்ல எழுந்து போனார்.

ஜெனிட்டா ரோஸ் ரூமுக்காக அழுதாள். லீவு நாளில் வந்து படுத்துக்கலாம் என்றேன்.

ஜூன் 17

புது வீட்டுக்குக் கிளம்பும்போது மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலில் விழுந்து கும்பிட்டுத்தான் வந்தேன். அவர் கையை எடுத்து என் தலையில் வைக்கவில்லை. வைப்பாரென்று நினைத்தா குனிந்தேன்? தெரியல. நெனச்சிருப்பேன் போல.

ஜூலை 20, ஞாயிறு

ஜெரின் பாதி நாள் இங்கே, பாதி நாள் சாத்தூரில். இன்றைக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ள அங்கே போய்விட்டு, அத்தையை பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார். அத்தை தனியாக பஸ்ஸில் வந்தது இதுதான் முதல் தடவை. டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் கைக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

மாமா வாசல்வரை நடக்கிறாராம். என்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லையாம். ஜெனிட்டாவைக் கேட்டாராம்.

மத்தியானம் மீன்குழம்பு. சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு அத்தை அப்படியே வெறும் தரையில் சாய்ந்தார்கள். தலையணை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தூங்கிப்போனார்கள். ஜெனிட்டாவை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, நான் சத்தமில்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாய்கிற நேரம் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்கள். எந்த இடம் என்று புரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தார்கள்.

"யாராச்சும் கூப்பிட்டாகளா?"

"இல்ல அத்தை. யாரும் கூப்பிடல."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி மறுபடியும் படுத்துக்கொண்டார்கள்.