பைன் மரத்தை விட்டுவைத்தேன்

சோல்கோல்
15 பிப்ரவரி 1996

இனோக்குக்கு,

உன் அக்கா கடையில் நீ மீன் கழுவும் நேரத்தில்தான் தபால்காரர் வருவார் என்று தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு படி.

நான் நலம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இருபத்தைந்து வருடம் வரலாறு நடத்தியவனுக்கு ஒரு சால்வை, ஒரு கடிகாரம். என்னைவிட எட்டு வயது இளையவன் தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து கைகொடுத்தான். கடிகாரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது என் அப்பா எனக்கு விட்டுப்போன மலையில் இருக்கிறேன். தம்பிக்கு ஆற்றோரத்து நெல்வயல், மூத்தவனுக்குக் கல்லும் கட்டையும். அந்தக் கட்டையில்தான் வீடு கட்டப்போகிறேன். மாவட்ட அலுவலகம் அனுமதி கொடுத்துவிட்டது. மரத்தில் நீர் ஏறுவதற்கு முன் வெட்டி முடிக்க வேண்டும் என்பதால் குவாக் என்ற ஆளை இயந்திர ரம்பத்தோடு பிடித்திருக்கிறேன். பொக்லைனும் அவருடையதுதான். வாய் அதிகம். ஒரு கருவாலி மரம் எந்தப் பக்கம் விழும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, "வாத்தியாரய்யா, மரத்துக்குப் பாடம் நடத்தாதீங்க. எங்க விழணும்னு அதுக்குத் தெரியும்" என்றார். அது நான் சொன்ன பக்கம் விழவில்லை என்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் பெரணித் தளிர் பறிக்கிறேன் என்று இந்த மலைக்கு ஏறி, பாதி நாள் கழித்து வெறும் ஒரு பிடித் தளிரோடு இறங்குவாயே, இந்த இடம் உனக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? அதை நீ சொன்னால்தான் அடித்தளம் குறிக்க முடியும்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. வா என்று எழுத எனக்குக் கை வராது. ஜன்னலைப் பற்றித்தான் கேட்கிறேன்.

கியோங்சிக்


போஹாங்
27 பிப்ரவரி

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையைத் துடைத்துக்கொண்டுதான் படித்தேன். அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, வரலாறு திரும்பி வருதா?" என்று சிரித்தாள்.

அந்தக் குளிரில் எங்கே தூங்குகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. மரம் விழுந்ததை மட்டும் அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மூச்சுக்குழல் இந்தக் காற்றைத் தாங்காது. கடற்பாசியும் காய்ந்த நெத்திலியும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். நெத்திலியை வெறும் வாயில் தின்று தீர்த்துவிடாமல் சூப்பில் போடுங்கள்.

ஜன்னல் தெற்கே பார்க்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீடு வரப்போகும் மேட்டின் தெற்கு மூலையில் மூன்று கிளையாகப் பிரிந்த பைன் மரம் இருக்கிறது. அதை வெட்டாதீர்கள். காரணத்தைக் கடிதத்தில் எழுத முடியாது. உங்கள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏப்ரலில் ஹன்சிக் அன்று எல்லோரும் கல்லறைக்குப் புல் செதுக்க வருவார்கள் அல்லவா, அன்று நானும் வருகிறேன். நேரில் சொல்கிறேன். அதன் பிறகு வீட்டைப் பற்றிப் பேசுவோம்.

இனோக்


சோல்கோல்
19 மார்ச்

இனோக்குக்கு,

நெத்திலி தீர்ந்துவிட்டது. பாதி சூப்பில்.

உன் பைன் மரம் நிற்கிறது. அதற்காக வண்டிப்பாதையையே நான்கு மீட்டர் தள்ளிப் போட்டேன். குவாக் முணுமுணுத்தார். வீட்டுக்காரி உத்தரவு என்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். இப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று நீயே கணக்குப் பார்த்துக்கொள். அப்பா என்னிடம் சொல்லாமல் உன்னிடம் சொன்ன ரகசியம் என்னவென்று எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் எதைத்தான் சொன்னார்? போகட்டும், நீ வரும்போது தெரியும்.

மரத்தடியில் ஒரு கல் குவியல் கிடந்தது. எல்லாம் இரண்டு கையில் அள்ளக்கூடிய அளவு, பாசி படிந்தது. சரிவைத் தாங்கும் சுவருக்கு எடுத்துவைத்த மாதிரியே இருந்தது. அதைக் கண்டதும் குவாக் பொக்லைனை நிறுத்திவிட்டு இறங்கி நின்றுவிட்டார். "வாத்தியாரய்யா, இந்தக் கல்லுல நான் கை வைக்க மாட்டேன். நீங்களும் வைக்காதீங்க" என்றார். காட்டை எரித்து விவசாயம் செய்தவர்கள் நிலத்தில் பொறுக்கிய கல்லை மூலையில் குவிப்பது வழக்கம், முந்நூறு வருடமாக இந்த மலைகளில் நடந்ததுதான் என்று அவருக்கு விளக்கினேன். அவர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கீழே போய்விட்டார். நானே முதுகில் மாட்டும் மரச் சட்டத்தில் ஏற்றி இரண்டு நாளில் இறக்கினேன். இன்னும் முதுகு நிமிரவில்லை.

அடியில் என் வாதத்துக்குச் சான்றும் கிடைத்தது. ஒரு மண்ஜாடி. வாயில் ஒரு சில்லு உடைந்தது, மூடியாக ஒரு தட்டைக் கல். விதை வைத்த ஜாடியாக இருக்க வேண்டும். உள்ளே கறுப்பு மண்தான். வெளியே எடுக்கும்போது இரண்டாக விண்டுவிட்டது. குவாக்கின் மகனை வரவழைத்து பொக்லைன் ஓட்டச் சொல்லி அந்த மூலையைச் சமன் செய்தாகிவிட்டது. சமையலறை அங்கேதான் வரும், தெற்கே பார்த்து.

சுவர் இடுப்பளவு எழுந்திருக்கிறது. நீ வரும்போது பார்ப்பாய். வா.

கியோங்சிக்


போஹாங்
26 மார்ச்

உங்களுக்கு,

ஹன்சிக்குக்கு நான் வரவில்லை.

அந்த ஜாடி என்னுடையது. முதலில் அதில் சோயா சாறு வைத்திருந்தேன். வாயில் சில்லு உடைந்தது கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், என் கையால்.

1970 ஜனவரி. நீங்கள் சியோலில் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தீர்கள். நம் பிள்ளை இருந்தது எழுபத்தோரு நாள். நூறாம் நாள் வரவில்லை என்பதால் பெயரும் வைக்கவில்லை. தந்தி கொடுத்தால் தேர்வு கெடும் என்று உங்கள் அப்பா சொல்லிவிட்டார். விடியும்போது அவரே பிள்ளையை வைத்த ஜாடியைத் தோளில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனார். பிஞ்சுக் குழந்தைக்குக் கல்லறை மேடு எழுப்ப மாட்டார்கள், நரி தோண்டாமல் கல்லை அடுக்குவார்கள். பெற்றவர்கள் பின்னால் போகக்கூடாது, இடம் தெரியக்கூடாது. இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் பனியில் அவர் காலடி இருந்தது. நான் போனேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "பாத்தது பாத்ததா இருக்கட்டும், மருமகளே. அவங்கிட்ட சொல்லிடாத. அப்பனுக்கு இடம் தெரிஞ்சா அடுத்த பிள்ளை தங்காதும்பாங்க" என்றார். நான் சொல்லவில்லை. அடுத்தது எப்படியும் தங்கவில்லை.

நீங்கள் திரும்பி வந்து, இனி அந்தப் பேச்சே வீட்டில் வேண்டாம் என்றீர்கள். எங்கே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாக்கை மீறியிருப்பேன்.

நிலத்தைப் பிரித்து எழுதிய அன்று அவருக்கு மருந்து ஊற்றிக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். "வயலு சின்னவனுக்கு. மலை பெரியவனுக்கு. அவன் பிள்ளை அங்கதான இருக்கு" என்றார். இருபது வருடமாக நீங்கள் கல்லையும் கட்டையையும் சொல்லிக்காட்டும்போதெல்லாம் எனக்கு இது வாய் வரை வரும்.

உங்கள்மேல் கோபம் இல்லை. மரத்தை மட்டும் எழுதினேன். கல்லையும் எழுதியிருக்க வேண்டும்.

இனோக்


சோல்கோல்
9 ஏப்ரல்

இனோக்,

ஹன்சிக் அன்று கீழே பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். மூன்று பேருந்து வந்தது.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம். அதை மறைக்க மாட்டேன். அப்பா உன்னிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. நீ ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம். ஊரில் குவாக்குக்குக்கூடக் கல்லைப் பார்த்ததும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள். இப்படி நான்கு பக்கம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கே என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். தந்தி கொடுக்காமல் காத்த அந்தத் தேர்விலும் நான் தேறவில்லை.

சுவரைப் பிரித்துவிட்டேன். ஓடைக் கல்லும் அந்தக் கல்லும் கலந்துபோயிருக்கிறது. பாசியை வைத்துப் பிரிக்கலாம் என்று பார்த்தேன், சாந்து பட்டுப் பாசி போய்விட்டது. ஜாடியின் இரண்டு பாதியும் என்னிடம் இருக்கிறது. உள்ளே இருந்த மண் இல்லை. அதை நான்தான் உதறினேன். பிறகு பொக்லைன் மொத்த மேட்டிலும் பரப்பிவிட்டது; குவியல் சரியாக எங்கே கிடந்தது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

நீ வந்து எந்த இடம் என்று மட்டும் காட்டு. வீட்டைப் பற்றி எதுவும் கேட்க மாட்டேன்.

கியோங்சிக்


சோல்கோல்
20 அக்டோபர்

இனோக்,

ஏப்ரலிலிருந்து உன் பதில் வராமலே நான் எழுதும் ஏழாவது கடிதம் இது. நீ வந்து காட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். நேற்று மேட்டில் நின்று பார்த்தபோது, நீ வந்து நின்றாலும் இனி உனக்கும் தெரியாது என்று புரிந்தது. அதனால் அதை இனிக் கேட்கவில்லை.

கட்டட அனுமதி இந்த மாதக் கடைசியோடு தீர்கிறது. நீட்டிக்கச் சொல்லவில்லை. வெட்டிய கருவாலி அடிக்கட்டைகள் எல்லாம் இடுப்பளவு துளிர்த்துவிட்டன. நான் இன்னும் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறேன். இதை விட்டுவிட்டு எங்கே போவது? தம்பி வயலில் அறுவடை. கூப்பிட்டான், போகவில்லை.

குவாக் வந்திருந்தார். ஒரு குவளை சோஜு சாராயத்தைப் பைன் மரத்தடியில் ஊற்றிவிட்டு, மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். ஊசியிலை ஒரு பக்கம் முழுக்கச் சிவந்திருக்கிறது. "தெக்குப் பக்க வேரெல்லாம் பொக்லைன் அறுத்திருக்கு, வாத்தியாரய்யா. இது அடுத்த பனிக்கு நிக்காது" என்றார். ரம்பத்தைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வெட்டாதீர்கள் என்று நீ எழுதினாய். நான் வெட்டவில்லை. இதையாவது நீ நம்ப வேண்டும்.

கியோங்சிக்