திரும்ப வந்த வரிகள்

மார்ச் 3
ஆபீஸில் இன்று முந்நூறு பக்க ஒப்பந்தத்தைப் பதினொரு பக்கமாக்கினேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை. தேதி, தலைப்பு, திரும்பத் திரும்ப வரும் வரி எல்லாம் கழன்றுவிடும். மிச்சத்தை ஏஐ படித்துப் பதில் சொல்லும். "உன் கை பட்டா யானையும் எலியாயிடும்யா" என்றார் மேனேஜர். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9
அக்கா போன். உடம்பு எப்படி இருக்கு என்று இரண்டு மாதமாகத் தினமும் குறித்து வைத்திருக்கிறாள். பழைய ரிப்போர்ட்டுகளோடு எண்பது பக்கம். "உன் மிஷின்ட்ட கேட்டுச் சொல்லுடா. டாக்டர்ட்ட போன்னா போறேன். சும்மா போய் லீவை வீணாக்க முடியாது."

மார்ச் 10
எண்பது, மூன்றாகிவிட்டது. ஆபீஸில் போடும் அதே கட்டளைதான், யோசிக்கக்கூட இல்லை. 'நெஞ்சில் இறுக்கம் ஒருமுறை மட்டும் குறிப்பிடப்பட்டுள்ளது. அவசரமாகத் தெரியவில்லை' என்று பதில். அக்காவிடம் சொன்னேன். "வாயுவா இருக்கும். கொஞ்சமா தின்னு."
"போடா தடியா." சிரித்தாள்.

மார்ச் 12
மழை. வேலை. வேறொன்றுமில்லை.

மார்ச் 16
காலையில் அத்தான் கூப்பிட்டார். மாடிப்படியில் உட்கார்ந்த அக்கா எழுந்திருக்கவில்லையாம். நான் ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.
"நெஞ்சு இறுக்கம் எத்தனை நாளா இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு தடவைதான் சார்." நான்தான் சொன்னேன், முந்திக்கொண்டு. அத்தான் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

மார்ச் 19
அக்கா அனுப்பியதை இன்றுதான் முழுசாகத் திறந்தேன். அதுவரை நான் அதைப் படிக்கவே இல்லையே!
'மாடி ஏறினப்போ நெஞ்சு இறுக்கிச்சு.' மறுநாள், அதே வரி. அதற்கு மறுநாளும். தொடர்ந்து முப்பத்தேழு நாள். ஒரு எழுத்து மாறவில்லை. அவள் எதையும் கூட்டிச் சொல்கிறவள் இல்லை. முதல் வரியை வைத்துக்கொண்டு மீதி முப்பத்தாறையும் என் கட்டளை தூக்கிவிட்டது. நான் சொன்னதைத்தான் செய்தது. திரையில் காட்டவும் காட்டியது, நீண்ட பட்டியலில் ஒன்றாக — திரும்ப வந்தவை, 36 நீக்கம். பார்த்தேன். நல்லா சுருங்கிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன், பாவி.
அடிக்கடி வருதாக்கா? — இந்த ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்? வாயில என்ன இருந்துச்சு? ஐயோ.

மார்ச் 23
அத்தானிடம் சொல்லிவிட்டேன். அக்கா எழுதியதைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, எதையும் விடாமல், கடைசிவரை படித்தார்.
"எங்கிட்டயும் தினம் சொன்னா," என்றார். "கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு."
என்னை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

மார்ச் 30
மேனேஜர் ஐந்நூறு பக்கம் கொடுத்தார். கட்டளை போடவில்லை, உட்கார்ந்து படிக்கிறேன். "என்னய்யா, திடீர்னு ஆமை ஆயிட்டே?" என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ஏப்ரல் 4
அக்கா ஞாபகமாவே இருக்கு.

ஏப்ரல் 5
அக்கா ஞாபகமாவே இருக்கு.

ஏப்ரல் 6
அக்கா ஞாபகமாவே இருக்கு.