கை எங்க?

மார்ச் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் லிப்ட் மறுபடி படுத்துவிட்டது, ஒன்பது மாடி இறக்கம். கொம்யூட்டர் புறநகர் ரயில் இருபது நிமிடம் தாமதம். கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் காலணிக்குள் குளம்.

அண்ணன் விழுந்து இன்று ஒன்பதாவது நாள். பந்திங் வீட்டில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இதயம் நின்று மறுபடி ஓட எத்தனை நிமிடம் ஆனது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அண்ணி ஒரு கணக்குச் சொல்கிறார், ஆம்புலன்ஸ்காரர் வேறு கணக்கு. மூளைக்கு ரத்தம் போகாத நிமிடங்கள் அவை. நான் இரண்டையும் கூட்டிப் பார்ப்பதில்லை.

வாங்க வேண்டியவை: குடை (பழையதை ரயிலில் விட்டேன்), பால், இருமல் மருந்து.
ஸ்டோரில் கேட்க வேண்டியவை: ஒட்டுப் பசை, பஞ்சு, புது அளவு நாடா.

மயக்க மருந்தை நிறுத்தி ஐந்து நாள். கண் திறக்கவில்லை, மூச்சும் இயந்திரத்தில்தான். டாக்டர் லிம் மூளை அலைப் பதிவு கேட்டார். இ.இ.ஜி. அறையில் வேலை பார்ப்பது இரண்டே பேர், நானும் அய்னியும். அய்னிக்கு இன்று ஷா ஆலமில் பயிற்சி. சொந்தக்காரர்களுக்கு நாமே பதிவு எடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நாளை வரை பொறுத்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை.

இருபத்தாறு வருடமாக மற்றவர் தலையை அளக்கிறேன். அண்ணன் தலையை இன்றுதான் அளந்தேன். மூக்கு மேட்டிலிருந்து பிடரி எலும்பு வரை முப்பத்தேழு செ.மீ. பெரிய தலை. சிவப்புப் பென்சிலால் இருபத்தொரு புள்ளி. வழுக்கை என்பதால் ஒட்டுவது சுலபம். இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

திரையில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். தாழ்ந்து, தேய்ந்து, நீளமாக ஓடும் கோடு. கை தட்டினேன், ஒன்றுமில்லை. நகத்தை அழுத்தினேன், ஒன்றுமில்லை. பிறகு பக்கத்தில் குனிந்து, "அண்ணே, தெல்லா வந்திருக்கேன்" என்றேன்.

அலை வந்தது. வினாடிக்கு மூன்று, வரிசையாக, ஒழுங்காக. பேச்சை நிறுத்தியதும் நின்றது. மறுபடி கூப்பிட்டேன், வந்தது. மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் வந்தது.

பதிவில் டைப் செய்தேன்: "பெயர் சொல்லி அழைப்பு." 10.14, 10.17, 10.21.

அண்ணி வெளியே பெஞ்சில் இருந்தார். டாக்டர் பார்க்கும் முன் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தேன்.

"அண்ணி, நான் கூப்பிட்டா அவருக்குக் கேக்குது."

அண்ணி அழவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்டி. கேக்கும்லா. நான் சமையல்கட்டுல இருந்து கூப்பிட்டாலே அவருக்குக் கேக்கும்."

மார்ச் 4, செவ்வாய்

வெயில். ஈரமாகவே மடித்து வைத்த துணியெல்லாம் நாற்றம்.

நோன்பு மாதம் தொடங்கிவிட்டது. அய்னி முன்னால் சாப்பிட மனம் வராமல் ஸ்டோர் அறையில் நின்றபடி தோசை தின்றேன். "காக், இங்கேயே சாப்பிடுங்க, எனக்குப் பழக்கம்" என்கிறாள். காக் என்றால் அவர்கள் மொழியில் அக்கா. நல்ல பெண். நேற்றைய பதிவைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. டாக்டர் லிம் மாநாட்டுக்குப் போயிருக்கிறார், நாளைதான் படிப்பார்.

மூன்று நோயாளிகள். ஒரு பாட்டி தலை நிறைய எண்ணெய், ஷாம்பு போட்டுக் கழுவியே அரை மணி நேரம். ஒரு சின்னப் பிள்ளை, அதன் அம்மா பழக்கத்தில் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். வழக்கம்போல் கத்தினேன்: "கை எங்க?"

எங்கள் அறைக்கு அந்தப் பெயரே வைத்துவிடலாம். பதிவு ஓடும்போது யார் நோயாளியைத் தொட்டாலும், கட்டிலில் இடித்தாலும், திரையில் அலையாக வந்துவிடும். பார்க்க மூளையே எழுப்பிய அலை போலத்தான் இருக்கும். அதனால் அறையில் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு டைப் செய்யவேண்டும்: நர்ஸ் தொட்டார், நோயாளி இருமினார், கதவு சாத்தப்பட்டது. புதிதாக வரும் எல்லாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், "கை எங்க?" அய்னி தமிழில் கற்றது இந்த இரண்டு சொல்தான். டாக்டர் லிம்மும்கூட.

அண்ணி போன். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நர்ஸ் சொன்னாராம். வெள்ளிக்கிழமை டாக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டிருக்கிறார். "நான் சரின்னு சொல்லப்போறேன் தெல்லா. நீதான் பாத்துட்டியே."

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். ஆராதனைக்குப் போகவில்லை.

பதினொரு மணிக்கு டாக்டர் லிம் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

முதலில் எம்.ஆர்.ஐ. படம். மூளையின் மேல்பட்டை முழுக்க வெளிறிக் கிடந்தது. அது எனக்கு ஏற்கெனவே தெரியும். ரேடியாலஜி ஆட்கள் என்னிடம் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போனதிலேயே தெரியும். அந்தப் படம் எடுக்கும் முன் கழற்றிய அண்ணனின் சிலுவைச் சங்கிலி இன்னும் என் கைப்பையில்தான்.

பிறகு என் பதிவு. பக்கத்திலேயே வீடியோ. எப்போதும் கேமரா ஓடும். நானே மாட்டிய கேமரா. சத்தத்தைக் குறைத்துவிட்டு 10.14-ஐ ஓட்டினார்.

நான் குனிகிறேன். வாய் அசைகிறது. என் வலது கை அண்ணன் தோளில். தட்டுகிறது. வினாடிக்கு மூன்று.

10.17, தட்டுகிறது. 10.21, தட்டுகிறது.

டாக்டர் நல்ல மனிதர். ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார், முடியவில்லை. அப்புறம் மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தமிழில் கேட்டார்.

"ஸ்டெல்லா. கை எங்க?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. தட்டியதே ஞாபகமில்லை. பள்ளி நாளில் அம்மா ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விடுவார், என்னை எழுப்புவது அண்ணன்தான். தோளைத் தட்டிக்கொண்டே "தெல்லா, பஸ்ஸு போயிரும்" என்பார். எங்கள் வீட்டில் எழுப்புவதென்றால் அப்படித்தான். வாயும் கையும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

வேறு யாராவது இந்தப் பதிவைக் கொண்டுவந்திருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்துத் திட்டியிருப்பேன்.

மார்ச் 6, வியாழன்

வெயில், தலைவலி.

இன்று அண்ணியிடம் சொல்லவேண்டும் என்று ரயிலிலேயே முடிவு. வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். பந்திங் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் இரண்டு புதுச் சாரோங் கைலி, ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பவுடர் டப்பா. "வீட்டுக்கு வந்தா தேவைப்படும்லா."

அப்புறம் போனில் படம் காட்டினார். முன்வாசல் படியை உடைத்துவிட்டாராம். அண்ணனே பூசிய சிமெண்ட் படி, ஒரு முழ உயரம், வெள்ளம் உள்ளே வராமலிருக்கக் கட்டியது. "சக்கர நாற்காலி ஏறாது பாரு. பக்கத்து வீட்டுத் தம்பி சுத்தியல் கொண்டாந்து அரை நாள்ல தட்டிட்டான். இப்ப சும்மா தள்ளிக்கிட்டே உள்ள போயிரலாம்." நேற்று ராத்திரி ஜெபக் கூட்டத்தில், அண்ணனுக்குக் காது கேட்கிறது என்று எழுந்து நின்று சாட்சியும் சொன்னாராம். எல்லாரும் அழுதார்களாம்.

படம் நன்றாக இருக்கிறது என்றேன்.

என்னைப் போல ஒரு கோழை கிள்ளானில் கிடையாது.

மார்ச் 7, வெள்ளி

டாக்டர் சொல்லும் முன் நானே சொல்வேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐ.சி.யு. வாசல் பெஞ்ச். இரண்டு மணி.

சொன்னேன். என் கைதான் அது என்று. திரையில் வந்தது அண்ணன் இல்லை, நான் என்று.

அண்ணி பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார். பிறகு:

"இத்தனை நாளா யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லல. நீ ஒருத்திதான் சொன்னே. இப்ப அதுவும் பொய்யிங்கிறே."

"பொய் இல்ல அண்ணி. தப்பு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

உள்ளே டாக்டர் லிம் பொறுமையாகச் சொன்னார். மேல்பட்டை போய்விட்டது. துளை போட்டால் இந்த நிலை நீளும், அவ்வளவுதான், அண்ணன் திரும்பி வரமாட்டார். மூச்சு இயந்திரத்தை எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொன்னார்.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. இன்னொரு முறை பதிவு. கூப்பிடுவது அவராக இருக்கவேண்டும். "இவ கூப்பிட்டா ஏன் எந்திரிக்கணும்? நான் கூப்பிடுறேன்."

டாக்டர் ஒத்துக்கொண்டார். திங்கள். எடுப்பது அய்னி.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை. பின் வரிசை. வந்தவர் போனவர் எல்லாரும் கையைக் குலுக்கி, "அண்ணனுக்கு உணர்வு வந்துட்டாமே, ஸ்தோத்திரம்" என்கிறார்கள். செய்தி பந்திங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வர நான்கு நாள். திருத்தம் எத்தனை நாளில் வரும் என்று தெரியவில்லை. நானும் தலையாட்டி வைத்தேன்.

வீடு திரும்பி ஜெபிக்க முயன்றேன். நாளை அலை வரட்டும் என்று கேட்கத்தான் ஆசை. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தவள் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. பாதியில் எழுந்து வந்து சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன்.

குடை இன்னும் வாங்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. லிப்ட் ஓடுகிறது.

அய்னி அளந்தாள். அவளுக்கு முப்பத்தாறரை வந்தது. மறுபடி அளக்கச் சொன்னேன். முப்பத்தேழு.

கட்டிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தரையில் டேப் ஒட்டினோம். அண்ணி அதற்குப் பின்னால். நான் சுவரோரம், இரண்டு கையும் சட்டைப் பைக்குள். அய்னி சுற்றிப் பார்த்து, மெல்லிய குரலில், தலையைக் குனிந்துகொண்டு, "கை எங்க?" என்றாள். அது அவள் வேலை. நான் கையை வெளியே எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டேன்.

11.05. அண்ணி கூப்பிட்டார். பெயர் சொல்லி அல்ல. அவர்கள் கல்யாணத்திலிருந்து அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "ஏங்க." சமையல்கட்டிலிருந்து கூப்பிடும் அதே குரல்.

கோடு ஓடியது.

11.08. "ஏங்க. வீட்டுக்குப் போவோம்லா."

கோடு.

11.12. "ஏங்க."

அண்ணி திரையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தை எங்கே வைப்பது? வேலையில் இத்தனை வருடம், யாருக்கும் முகம் காட்டாமல் பழகியவள். இன்று முடியவில்லை.

அரை மணி முழுதும் ஓடவிட்டாள் அய்னி. முடிந்ததும் அண்ணி கேட்டார்: "இப்ப தொடலாமா?"

தொடலாம் என்றேன். அய்னி இன்னும் நிறுத்தவில்லை, கம்பிகளைக் கழற்றவில்லை.

அண்ணி டேப்பைத் தாண்டிப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார். தட்டினார். மெதுவாக, தூங்க வைப்பது போல.

திரையில் அலை வந்தது. பெரிதாக, வரிசையாக, அழகாக.

அண்ணி இப்போதுதான் திரையைப் பார்த்தார். தட்டுவதை நிறுத்தினார், அலை நின்றது. தட்டினார், வந்தது.

"இதான் நீ பாத்ததா?"

"ஆமா அண்ணி."

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "நானா இருந்தாலும் நம்பியிருப்பேன்."

அய்னி என்னைப் பார்த்தாள். நிறுத்தவேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் பக்கமாகக் கையை நீட்டி நானே டைப் செய்தேன். 11.38, மனைவி தட்டுகிறார்.

மார்ச் 11, செவ்வாய்

மழை. குடை வாங்கினேன், கறுப்பு.

அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டார். இயந்திரத்தை எடுப்பது வியாழன் காலை. சொல்லவேண்டியவர்கள்: பாஸ்டர், அண்ணனின் லோரி முதலாளி, ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் சித்தி. சிலுவைச் சங்கிலியை அண்ணியிடம் கொடுத்தேன், அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பந்திங் பஸ்ஸுக்கு இருவரும் ஒரே குடையில் நின்றோம். படியைப் பற்றி நான்தான் வாயெடுத்தேன். ஆள் வைத்துத் திரும்பக் கட்டிவிடலாம், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே வெள்ளம் உள்ளே வந்துவிடும் என்றேன்.

"இப்ப வேணாம் தெல்லா," என்றார். "அவரு பெட்டி இடிக்காம உள்ள வரட்டும்."