தலையணைக்கு அடியில் உள்ள மாத்திரை

அன்பு மகனுக்கு,

இது நானே என் கையால் எழுதுவது. முதியோர் வகுப்பு வீண் போகவில்லை. இந்த நேரத்திலும் எனக்கு எழுத வருகிறதே என்று ஒரு சந்தோஷம். வெட்கமாகவும் இருக்கிறது.

நீ போனை எடுப்பதில்லை. அதனால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் வரும் பக்கத்து வீட்டுத் தெய்வம்மாவிடம் இதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

“கெழவன் கால் வீக்கத்துக்கு முழுங்குற அதே மாத்திரைய எம்புள்ளைக்குக் குடுக்குறானுங்க. தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சிட்டேன்” என்று இன்று போனில் கத்திவிட்டு வைத்தாய். எனக்கு மாதாமாதம் குன்னூரில் வாங்கித் தருபவன் நீ. அட்டையைப் பார்த்ததும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸிடம் கேட்டேன். “ஏனுங்க தாத்தா, அதே மாத்திரைதானுங்க. கீமோ ஏத்துனா புத்துநோய் அணுவெல்லாம் ஒரேடியாச் செத்து உடையுமுங்க. அதுல, உங்க கால வீங்க வெக்கிற அதே யூரிக் ஆசிட் ஏறி கிட்னிய அடைச்சுப் போடுமுங்க. அதத் தடுக்கத்தானுங்க இது” என்றார். என் மாத்திரையை அனுப்பட்டுமா என்றேன். பிள்ளைக்கு அளவு வேறு என்று திட்டினார்.

நாளைக்குக் கீமோ என்றாய். நீ இதைப் படிக்கும்போது அது இன்று. ஏற்றுவதற்கு முன்னால், ஒளித்து வைத்ததை டாக்டரிடம் சொல்லிவிடு. பேத்தி தர்ஷினிக்கு ஆறு வயதுதான். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

நீ சொல்லாவிட்டால் தெய்வம்மா சொல்லிவிடுவாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லித்தான் அனுப்புகிறேன். அப்பனே காட்டிக் கொடுத்துவிட்டான் என்று நான் சாகும்வரை என்னோடு பேசாமல் இரு. பிள்ளைக்கு மூத்திரம் தடையில்லாமல் போனால் போதும்.

உன் அப்பா