பதினேழாம் எண் குப்பி

இன்று காலை அக்ரஹாரத்து மளிகைக் கடையில் பச்சைப்பயறு மூட்டைக்குள் கையை விட்டேன். எடுத்தபோது விரலில் அந்த வாசனை. ஈரம் காயாத துணியின் புழுங்கல். அதற்கு அடியில் கூர்மையாக வேறொன்று.

"நல்ல மாலு மேடம். ஒரே ஒரு வண்டு காட்டிடுங்க, சும்மாவே தரேன்" என்றார் கடைக்காரர். பெருமையாகத்தான் சொன்னார். வண்டு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் பயந்தேன்.

வாங்காமல் வந்துவிட்டேன். மூன்று முறை கை கழுவினேன். பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். இந்த வாசனையைப் பற்றி வேறு யாரிடம் பேச?

அப்போது உணவு ஆய்வகத்தின் பின்பக்க அறை நம்முடையது. நீங்கள் மாதிரிகளை அரைத்து, ஹெக்சேன் கரைப்பானில் குலுக்கி, கொழுப்பை நீக்கி, சின்னக் குப்பிகளில் எண் ஒட்டித் தருவீர்கள். நான் இயந்திரத்தில் செலுத்துவேன். சுருள் காகிதத்தில் பேனா தானாக ஊர்ந்து போகும். பூச்சிமருந்து இருந்தால் ஏறி இறங்கும். எந்தக் குப்பி யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியக்கூடாது. அது விதி. பெயர்கள் இருந்த பதிவேடு உங்கள் இழுப்பறையில்.

நீங்கள் எல்லையோரத்து ஹனூர்க்காரர், வீட்டில் தமிழ். நான் மைசூரிலேயே பிறந்தவள். "நீங்க பேசறதுல பாதி கன்னடமுங்க அம்மிணி, மீதி இங்கிலீசு. தமிழ் எப்ப வருமுங்க?" என்று சீண்டுவீர்கள். பதிலுக்கு உங்கள் டிபனில் பாதியைத் தின்றுவிடுவேன். ஊரிலிருந்து உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய பயறு. நஞ்சன்கூட்டு வாடகை வீட்டில் உங்கள் மனைவி கடைந்தது.

அந்தப் பயறைத்தான் சுத்த மாதிரியாக எடுத்துக்கொண்டோம். சந்தைப் பயறைச் சோதிக்கும் முன், மருந்தே படாத பயறைச் செலுத்தி, கோடு நேராகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். "எங்க காட்டுல மருந்தே அடிக்கறதில்லீங்க. எங்கப்பனுக்கு அந்த நாத்தமே ஆகாது" என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்தீர்கள்.

பேனா ஏறியது.

பயறை நாம் சந்தேகிக்கவே இல்லை. ஹெக்சேனைச் சந்தேகித்தோம். மறுபடி காய்ச்சி வடித்தீர்கள். குடுவைகளைச் சந்தேகித்தோம். அமிலத்தில் ஊறவைத்தீர்கள். "மெஷினுக்குத்தானுங்க கிறுக்குப் புடிச்சிருக்குது." இரண்டு வாரம். பேனா அதே இடத்தில் ஏறியது. இரண்டு வாரமும் மதியம் அந்தப் பயறைத்தான் தின்றோம்.

ஒரு திங்கட்கிழமை ஊரிலிருந்து நேராக வந்தீர்கள். தோள்பையை இறக்கவில்லை.

"அடிக்கறதில்லீங்க அம்மிணி. தூவறாங்க. வண்டு வருதுன்னு பயறு டிரம்முக்குள்ள கமாக்சின் பொடி தூவி வெக்கறாங்க. நாம அதக் கேக்கவே இல்லியே."

ஆமாம். வயலைப் பற்றித்தான் கேட்டிருந்தோம், டிரம்மைப் பற்றி அல்ல. உங்கள் அம்மா எதையும் மறைக்கவில்லை. மருமகள் பிள்ளை பெற்றவள், அவளுக்குப் போகிற பயறில் வண்டு இருக்கலாமா என்று ஒரு பிடி கூடுதலாகவே தூவியிருக்கிறார்.

உங்கள் மகளுக்கு அப்போது மூன்று மாதம்.

அடுத்த வாரம் பால் மாதிரிகள். இருபது குப்பிகள். பதினேழாவதில் பேனா விறுவிறுவென்று ஏறித் தாளின் விளிம்பில் முட்டி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணா, இது எந்த ஊர் எருமை? கமாக்சின் மூட்டையையே மேஞ்சிருக்கு போலிருக்கே!"

நீங்கள் சிரிக்கவில்லை. பதிவேட்டை எடுத்துவந்து என் முன்னால் திறந்து வைத்தீர்கள். பதினேழுக்கு எதிரே பால்காரர் பெயர் இல்லை. 'வீடு' என்று மட்டும் எழுதியிருந்தது.

உங்கள் வீட்டில் மாடு இல்லை.

"முன்னாடியே சொன்னா உங்க கை நடுங்குமுங்க. அதான் சொல்லல" என்றீர்கள். உங்கள் மனைவியின் பாலை என் கண்ணெதிரே நீங்களே குலுக்கி, வடித்து, எண் ஒட்டியிருக்கிறீர்கள். நான் ஒன்றும் கவனிக்கவில்லை.

சாயங்கால ரயிலில் உங்களோடு நஞ்சன்கூடு வந்தேன். எதற்கு வந்தேன் என்று இன்னும் தெரியவில்லை. குழந்தை அழுதுகொண்டிருந்தது. உங்கள் மனைவி அதை மடியில் போட்டுக்கொண்டு, ஊட்டாமல், என்னையே பார்த்தார்.

"நெம்பரெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. குடுக்கலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

பசும்பாலுக்கு வரம்பு உண்டு. அட்டவணை என் பையிலேயே இருந்தது. அதில் தாய்ப்பாலுக்கு ஒரு வரிகூட இல்லை.

அவர் குழந்தையை நெஞ்சோடு எடுத்துக்கொண்டார். "தெரியலீன்னா விடுங்க. அவளுக்குப் பசிக்குது." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகை நின்றது. அந்த அமைதி போலப் பயங்கரமான எதையும் நான் அதற்குப் பின் கேட்டதில்லை. குழந்தை குடிக்கும் சத்தம். நாம் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மறுநாள் நம் தலைமை விஞ்ஞானியிடம் கேட்டோம். பயறை நிறுத்து, பாலை நிறுத்தாதே என்றார். சரியான பதில்தான். டிரம்மை ஊரில் கவிழ்த்தார்கள். ஆனாலும் குழந்தைக்குச் சளி பிடித்தால்கூட மறுநாள் காலை நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள். நான் பதினேழை நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் போனது சாலையில், ஒரு லாரியில் அடிபட்டு. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களைக் கிடத்தியிருந்த இடத்தில் நின்றபோது என் மனதில் முதலில் வந்தது: நல்லவேளை, லாரி. இதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

உங்கள் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. நன்றாக ஓடுகிறாள். உங்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் நகங்களை, கண்களின் வெள்ளையை உற்றுப் பார்க்கிறேன். உங்கள் மனைவிக்கு அது தெரியும். "நல்லாத்தானுங்க இருக்கறா. நீங்க காப்பியக் குடிங்க" என்கிறார்.

எனக்கு இது ஏழாம் மாதம்.

இன்று கடையில் மணத்த அந்தப் பொடி உடம்பின் கொழுப்பில் தங்கும். வருடக்கணக்கில் தங்கும். பெண்ணின் உடம்பைவிட்டு அது அதிகமாக வெளியேறும் வழி பால்தான். இதைப் படித்துத் தெரிந்துகொண்டவள் நான். உங்கள் டிபனில் பாதியைத் தின்றவளும் நான்.

இப்போது பேனா இல்லை. கோடு திரையில் வருகிறது. இயந்திரத்தின் முன் உட்காருகிறவள் புதிதாகச் சேர்ந்த பெண். கலகலப்பானவள். பெரிய எண் வந்தால் அறை முழுக்கக் கேட்கும்படி படிப்பாள்.

ஒரு குப்பியைக் கழுவி, உலர்த்தி, மேசைக்குள் வைத்திருக்கிறேன். பிள்ளை பிறந்த பின் அதில் என் பாலைக் கொடுப்பேனா என்று தெரியவில்லை. கொடுத்தால் எண் ஒட்ட மாட்டேன். விதி மீறல்தான். என் பெயரை முழுதாக எழுதி ஒட்டுவேன்.

படிக்கிறவள் சிரித்துவிடக் கூடாது.