மூன்றாம் தட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் தெரிந்தால்தான் இங்கே என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியும். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

உப்பைத் தாங்கி முளைக்குமா என்று பார்க்க மொட்டைமாடியில் நீ மூன்று தட்டுகளில் விதைத்துவிட்டுப் போன புங்க விதைகளின் கணக்கு இது. தட்டுக்கு இருபது விதை. வெறும் தண்ணீரில் ஊறியதில் ஒன்பது முளைத்தது. லேசான உப்புத் தண்ணீரில் ஊறியதில் பன்னிரண்டு. ஊறவைக்காமலே போட்ட மூன்றாம் தட்டில் பதினாறு!

அதில்தான் குறைவாக முளைக்கும் என்று நீ சொல்லியிருந்தாய். தினமும் சாயங்காலம் மூன்றுக்கும் ஒரே குவளையில் அளந்துதான் உப்புத் தண்ணீர் ஊற்றினேன், சத்தியமாக. எனக்கு மண்டை குடைந்தது. வகுப்பில் வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டபோது "பதினாறு சார்" என்று எழுந்து நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். (திட்டாதே.) மூன்றாம் தட்டில் மட்டும் அவ்வளவாக உப்புக் கரிக்கவில்லை.

நேற்றுக் காலை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். வந்தது அம்மா. நீ பேச்சைக் கேட்காமல் படிக்கக் கிளம்பிய நாளிலிருந்து உன் பேரைக்கூட எடுக்காத அம்மா, செம்பில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து அந்தத் தட்டில் மட்டும் ஊற்றினாள். நான் கத்திவிட்டேன். "மத்த ரெண்டையும் ஊற வெச்சுப் பழக்கிட்டா. இதை ஒண்ணும் செய்யாம உப்புல தள்ளினா தாங்குமாடி? அவளுக்குக் கல்நெஞ்சு, எனக்குமா?" என்றாள்.

இந்தக் கணக்கு தப்பானால் உன் பேராசிரியர் உன்னை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார் என்று சொன்னேன். அம்மா முகம் சுருங்கிப் போயிற்று. "ரெண்டுதான் முளைச்சுதுன்னு எழுதிடேன்" என்றாள். எனக்குக் கை வரவில்லை அக்கா.

கணக்குக் கொடுக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. டப்பாவில் அறுபத்து நான்கு விதை மீதி இருக்கிறது, எண்ணிவிட்டேன். ஊறவைக்க நீயே வந்தால் நல்லது.

இன்று அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "அவ இருக்கிற இடத்துல தண்ணி உப்பாமா?" தெரியாது என்றேன். தான் கேட்டதாக எழுதக் கூடாது என்றாள்.

எழுதிவிட்டேன். வர முடியாவிட்டால், தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுது. என் பெயருக்கு வேண்டாம், அம்மா பெயருக்கே எழுது.

காத்திருக்கும்,
உன் எறும்பு